பேற்று நோவுக்குப் பாடம் நடத்துவோர் எதை அளக்கிறார்கள்?

செவிலியர் கல்லூரி நூலகங்களில் முதுநிலை ஆய்வேடுகள் அடுக்கப்பட்ட அலமாரியைத் திறப்பவர் ஒரே தலைப்பைத் திரும்பத் திரும்பப் படிக்க நேரும். முதன்முறை கருவுற்ற தாய்மாரிடம் பிரசவ அச்சம், வலி ஆகியவற்றின்மீது கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டம் ஏற்படுத்தும் பயன்விளைவு என்பதே அந்த வாய்பாடு. ஊரின் பெயரும் ஆண்டும் மாறும், மற்றவை மாறா. சில பத்துப் பெண்கள், ஒரு முன்தேர்வு, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வகுப்பு, கையில் ஒரு படவிளக்க ஏடு, ஒரு வாரம் கழித்துப் பின்தேர்வு. மதிப்பெண் உயர்ந்தது, அச்சம் தணிந்தது, கருதுகோள் நிறுவப்பட்டது. வழிகாட்டி கையொப்பமிடுகிறார். பட்டம் கிடைக்கிறது.

தோல்வியே அறியாத ஆய்வுமுறை ஐயத்துக்குரியது. சொல்லிக்கொடுத்ததையே ஏழு நாள் கழித்துக் கேட்டால் விடை கூடுதலாக வரும் என்பதை நிறுவ ஆய்வு எதற்கு? ஒப்பீட்டுக் குழு இல்லை. இருந்தாலும் வகுப்பு எடுத்தவரே வினாத்தாளோடு வந்து நிற்கிறார். தனக்காக நேரம் ஒதுக்கி, பெயர் சொல்லி அழைத்து, உட்கார நாற்காலி தந்து பேசிய ஒருவரிடம், "இன்னும் பயமாகத்தான் இருக்கிறது" என்று எந்தப் பெண் சொல்வாள்? நன்றியுணர்வையும் நாகரிகத்தையும் அச்சத் தணிவு என்று பதிவு செய்வது அளவீட்டுப் பிழையாகும்.

பெரிய அளவில், சமவாய்ப்பு முறையில் நடந்த ஆய்வுகள் கூறுவது வேறு. 2007இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 9 ஆய்வுகளில் இடம்பெற்ற 2,284 பெண்களின் தரவுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, கர்ப்பகாலக் கல்வியின் விளைவுகள் பெரும்பாலும் அறியப்படாதனவாகவே உள்ளன என்று முடித்தது. 2009இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், முதற் பேற்றை எதிர்நோக்கியிருந்த 1,087 பெண்கள் இரு பிரிவாயினர். ஒரு பிரிவுக்கு மூச்சுப் பயிற்சியோடு கூடிய இயற்கைப் பேற்றுப் பயிற்சி. மறு பிரிவுக்கு வழக்கமான வகுப்பு. முதுகுத்தண்டில் வலிநீக்க ஊசி போட்டுக்கொண்டவர்கள் இரு பிரிவிலும் 52 விழுக்காடு. அதற்கும் முன்பே, 1981இல், வலி ஆய்வின் பெரும்பெயரான ரோனால்டு மெல்சாக்கும் அவருடைய குழுவினரும் கனடாவில் இதே கேள்வியை எழுப்பினர். பயிற்சி பெற்ற பெண்களின் வலி சற்றே குறைந்திருந்தது. ஆயினும் அது கடும் வலியாகவே இருந்தது. கட்டுரையின் தலைப்பே அந்த முடிவை ஒளிவின்றிச் சொன்னது: பயிற்சிக்குப் பின்னும் பேறு வலிக்கத்தான் செய்கிறது.

இதைக் கொண்டு கர்ப்பகாலக் கல்வியே வீண் என்று கூறுவதும் நேர்மையாகாது. அச்சம் அற்பமானதன்று. 2,206 பெண்களை ஆராய்ந்து நார்வேயில் 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பேற்றச்சம் மிகுந்தோருக்குப் பிற காரணிகளைக் கழித்த பின்னும் நோவு 47 நிமிடம் நீண்டதைக் காட்டியது. ஈரானிலும் துருக்கியிலும் நடந்த சில ஆய்வுகள் வகுப்புகளால் அச்ச மதிப்பெண் குறைந்ததாகவே கூறுகின்றன. மிகுந்த கவனத்துக்குரியது 1,193 பெண்களைக் கொண்ட டென்மார்க்கின் 2010ஆம் ஆண்டு ஆய்வு. வகுப்புக்கு வந்தவர்கள், நோவு நன்றாகப் பிடித்த பிறகே மருத்துவமனைக்குச் சென்றார்கள். தண்டுவட ஊசி போட்டுக்கொண்டவர்களும் அவர்களிடையே குறைவு. வலிநீக்க வழிகளின் மொத்தப் பயன்பாடு மட்டும் குறையவில்லை. அங்கே கல்வி பெண்ணுக்கு வலியில்லாப் பேற்றைத் தரவில்லை. எப்போது புறப்படுவது, போகும் இடத்தில் என்ன நடக்கும் என்ற தெளிவைத் தந்தது. இந்த வேறுபாட்டை நம் ஆய்வேடுகள் காண்பதே இல்லை.

காணாமைக்கு ஒரு மரபு உண்டு. "அச்சம் இறுக்கத்தைத் தரும், இறுக்கம் வலியைத் தரும்" என்ற சூத்திரத்தை 1930களிலும் 1940களிலும் பரப்பிய இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீடு, 'நாகரிகமற்ற' இனப் பெண்கள் வலியின்றிப் பெறுவதாகவும், நாகரிகம் ஊட்டிய அச்சமே வெள்ளைப் பெண்ணின் வலி என்றும் நம்பினார். அவர் வகைப்படுத்திய அந்த 'நாகரிகமற்ற' பெண்களுள் திருவிதாங்கூரின் பனையேறிக் குடும்பத்துப் பெண்ணும் அடங்குவாள். அவளுக்கு வலிக்காது என்று சொன்ன அதே கோட்பாட்டை, இன்று அவளுடைய கொள்ளுப்பேத்திக்கு வலி குறைய வேண்டும் என்று படவிளக்க ஏட்டில் அச்சிட்டுத் தருகிறார்கள். 1951இல் சோவியத் மகப்பேற்று நிலையங்களைப் பார்த்துத் திரும்பிய பிரான்சு மருத்துவர் ஃபெர்னான் லமாஸ், தம்மிடம் பயின்ற பெண்களின் பேற்றை 'மிகச் சிறப்பு' முதல் 'முழுத் தோல்வி' வரை தரம் பிரித்தார் என்று பின்னாளில் எழுதப்பட்டிருக்கிறது. அளவுகோல், அவர்கள் போட்ட கூச்சல். கத்தியவள் தேர்வில் தோற்றவள். அந்தத் தரப்பட்டியலுக்கும், "இப்படிக் கத்துகிறாயே, வகுப்பில் என்ன கேட்டாய்?" என்று பிரசவ அறையில் எழும் அதட்டலுக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு.

இந்தக் கேள்விகளை எல்லாம் ஒருங்கே எழுப்பும் இடம் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்கள். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தைப் பிரித்தது. கொள்வினை கொடுப்பினையைப் பிரிக்கவில்லை. களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்கும், பனச்சமூட்டிலிருந்து வெள்ளறடைக்கும், கொல்லங்கோட்டிலிருந்து பொழியூருக்கும் இன்றும் பெண்கள் மணமாகிப் போகிறார்கள். அங்கிருந்து இங்கும் வருகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 5 லட்சம். எல்லையோரத்தில் இரண்டு மொழியும் கலந்த பேச்சைப் பேசிக்கொண்டு கணக்கெடுப்பில் ஒன்றை மட்டும் சொல்ல நேர்ந்தவர்கள் வேறு.

தமிழ்வழிப் பள்ளியில் படித்து, இருபத்து மூன்று வயதில் பாறசாலைக்கு மணமாகி வந்த பெண்ணுக்கு மலையாளம் காதில் விழுந்து பழகிய மொழிதான். சந்தையில் பேசுவாள், மாமியாரோடு பேசுவாள். எழுத்து தெரியாது. அங்கன்வாடியில் அவள் கையில் தரப்படும் தாய்–சேய் அட்டை மலையாளத்தில் இருக்கிறது. வகுப்பும் மலையாளத்தில் நடக்கிறது. "எல்லைப்புறத்தார் இரண்டு மொழியும் அறிந்தவர்கள்" என்ற மறுப்பு ஆய்வாளரிடம் எப்போதும் தயாராக இருக்கும். ஆனால், ஒரு கட்டளையைப் புரிந்துகொள்வதற்கும் ஒரு கேள்வியைக் கேட்பதற்கும் வேண்டிய மொழித்திறன் ஒன்றன்று. 'திரும்பிப் படு' என்பது விளங்கிவிடும். 'நீர் உடைந்து இவ்வளவு நேரமாகியும் நோவு வரவில்லையே, இனி என்ன செய்வீர்கள்?' என்று வெள்ளுடை அணிந்தவரிடம் இரண்டாம் மொழியில் கேட்பதற்கு வேறு துணிச்சல் வேண்டும்.

வலியின் சொற்களே இங்கே இடறுகின்றன. தமிழில் 'வேதனை' மனத்தின் துயரத்தை நோக்கிச் சாய்ந்த சொல். மலையாளத்தின் 'வேதன' உடலின் வலி. தமிழின் 'வலி' மலையாளியின் காதில் இழுப்பு, மூச்சிரைப்பு. பேற்று நோவு என்ற சொல் மட்டும் கோட்டின் இருபுறமும் ஒன்றாகவே வாழ்கிறது. அந்தப் பொதுச் சொல்லை எந்த வினாத்தாளிலும் காண முடிவதில்லை. மெல்சாக் 1975இல் உருவாக்கிய புகழ்பெற்ற வலி வினாத்தாள் எண்களால் ஆனதன்று. 20 தொகுதிகளில் அடுக்கப்பட்ட 78 சொற்களால் ஆனது. குத்தல், எரிச்சல், பிசைதல் என்று நோயாளி தன் சொல்லைத் தானே தெரிவு செய்வது அதன் உயிர். வலியை அளப்பது மொழியை அளப்பது என்பதை வலியியலே ஒப்புக்கொண்டு அரை நூற்றாண்டு ஆகிறது. எல்லையோர ஆய்வேடுகளின் தன்விவரப் படிவத்திலோ வயது, கல்வி, சமயம், வருமானம், உணவுப் பழக்கம் வரை கட்டங்கள் உண்டு. தாய்மொழிக்குக் கட்டம் இல்லை. சைவமா அசைவமா என்பது பேற்றச்சத்தைத் தீர்மானிக்கும், மொழி தீர்மானிக்காது என்பது எந்தக் கோட்பாட்டின் வழி வந்த முடிவு?

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தத்தம் மொழியில் கடிதம் எழுதவும், அந்த மொழியிலேயே மறுமொழி பெறவும் வழி செய்திருக்கிறது. கடிதத்துக்குத்தான் அந்த உரிமை. நோவு எடுத்துக் கிடப்பவள் விண்ணப்பம் எழுதுவதில்லை.

மொழிச் சிக்கலுக்குள் இன்னும் ஆழமான ஒன்று கிடக்கிறது. தமிழில் வலி என்பது நோவு மட்டுமன்று, வலிமையும் அதுவே. சென்னையிலும் அதை அடுத்த கடற்கரைப் பகுதியிலும் களஆய்வு செய்து 2003இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் சிசிலியா வான் ஹோலன், பெண்கள் வலியைக் குறைக்க மருந்து கேட்காமல், வலியை ஏற்றும் ஊசியைக் கேட்டதைப் பதிவு செய்திருக்கிறார். வியப்பதற்கு ஒன்றுமில்லை. 'வலி வரவில்லை' என்பதுதான் இங்கே கேட்கக் கூடாத செய்தி. வலி நின்றால் கத்தி வரும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி அறுவைப் பேறு கேரளத்தில் 38.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு, இந்திய அளவில் 21.5 விழுக்காடு. கோட்டின் எந்தப் பக்கம் படுத்தாலும் ஐவரில் இருவருக்கு அறுவை என்ற நிலையில், பெண்ணின் அச்சம் வலியைப் பற்றியதா, வலி அடங்கிப்போவதைப் பற்றியதா? இந்த வினாவை எழுப்பாமலே, "வலி குறையும்" என்று நற்செய்தி சொல்லும் வகுப்பு, கேட்பவளின் காதில் எவ்வாறு விழும் என்பதை எண்ணிப் பார்த்த வழிகாட்டிகள் எத்தனை பேர்?

இனி, ஆய்வு தன் எண்ணிக்கையிலிருந்தே தள்ளிவிடும் பெண். தலைப்பேறு தாய்வீட்டில் என்ற வழக்கம் எல்லையைக் கண்டு நிற்பதில்லை. பாறசாலை வட்டாரத்தில் பதிவு செய்து, அங்கே தடுப்பூசி போட்டு, அங்கே வகுப்புக் கேட்டவள், வளைகாப்புக்குப் பின் இஞ்சிவிளையைக் கடந்து விளவங்கோட்டுக்குப் போய்விடுகிறாள். அவள் பெறப்போவது குழித்துறையிலோ ஆசாரிப்பள்ளத்திலோ. எதிர்த்திசையில், கன்னியாகுமரி மாவட்டத்துச் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு எண் பெற்றவள், பேற்றுக்கு நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தாய்வீட்டுக்கு வருகிறாள். வகுப்பில் அவளுக்கு விளக்கிய பிரசவ அறை ஒன்று. அவள் நுழையும் பிரசவ அறை வேறொன்று. யார் உடன் இருக்கலாம், எப்போது வரச் சொல்வார்கள், எந்த நிலையில் மேல்மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்பனவெல்லாம் மாறிவிடுகின்றன. டென்மார்க்கில் பயன் தந்த அந்த ஒரே பகுதி, இவளுக்குப் பொருந்தாமல் போகிறது.

ஆய்வேட்டில் இவளுக்கு ஒரு பெயர் உண்டு: பின்தொடர இயலாதவர். சில ஆய்வுகள் இன்னும் முன்னெச்சரிக்கையோடு, வேறிடத்தில் பெறத் திட்டமிட்டோரைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகின்றன. எல்லையோரத்தில் கருவுற்றோரின் அச்சத்தை ஆராயும் ஆய்வு, எல்லையைக் கடப்போரை நீக்கிவிட்டுத்தான் தொடங்குகிறது. எஞ்சியவர்களின் சராசரியே 'நெய்யாற்றின்கரை வட்டத் தாய்மார்' என்று தலைப்பில் நிற்கிறது.

பழைய நாளைப் புகழ்வதற்கு இங்கே இடமில்லை. 2018–20 காலத்தில் கேரளத்தின் தாய் இறப்பு விகிதம் லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 19, தமிழ்நாட்டில் 54, இந்திய அளவில் 97. வயற்றாட்டியின் குடிசையில் இந்த எண் சாத்தியமானதன்று. 1838இல் நெய்யூரில் இலண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவப் பணியிலிருந்து, எவரெஸ்ட் ஏற வந்து நெய்யூரிலேயே தங்கிப் பணிபுரிந்த சோமர்வெல்லின் பெயரால் 2002இல் காரக்கோணத்தில் எழுந்த மருத்துவக் கல்லூரி வரை, இந்த வட்டாரம் மருத்துவமனையை வெகுகாலமாக அறிந்த வட்டாரம். மருத்துவமனையில் பேறு இரு மாநிலங்களிலும் 99 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. ஆகவே இங்குள்ள பெண்ணின் அச்சத்தை அறியாமை என்றோ, மருத்துவமனையை அறியாதவளின் மிரட்சி என்றோ எழுதுவது பொருந்தாது. அவளுடைய தாய் அங்கே பெற்றாள். அக்காள் அங்கே பெற்றாள். என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதால்தான் அவள் அஞ்சுகிறாள்.

1916 முதல் திருவனந்தபுரம் தைக்காடு மகளிர் மருத்துவமனையில் பணியாற்றி, பின்னர் திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அலுவலராக உயர்ந்த மேரி பூனன் லூக்கோஸ், பேறு பார்த்துவந்த வயற்றாட்டிகளின் பிள்ளைகளையே தேர்ந்து மகப்பேற்றுப் பயிற்சி அளித்தார். அவர்களுடைய எதிர்ப்பைத் தணிப்பது அதன் உடனடி நோக்கம். ஆயினும் அதன் விளைவு நோக்கத்தைவிடப் பெரிது: புதிய அறிவு, பெண்கள் முன்பே நம்பிய குடும்பத்தின் குரலில், அவர்களுடைய பேச்சில் வந்து சேர்ந்தது. நூறாண்டுக்கு முன் நிருவாகம் அறிந்திருந்த இந்த எளிய உண்மையை இன்றைய படவிளக்க ஏடு மறந்துவிட்டது.

அச்சத்தையும் வலியின் அனுபவத்தையும் மாற்றுவது எது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது; அது வகுப்பறையில் இல்லை. 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட 26 ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வு, நோவு நேரம் முழுவதும் ஒருவர் உடனிருந்தால் இயல்பான பேறு கூடுகிறது, அறுவை குறைகிறது, வலிநீக்க மருந்து குறைகிறது, நோவு நேரம் சுருங்குகிறது, பேற்றைக் கசப்போடு நினைவுகூர்வோர் குறைகின்றனர் என்று கண்டது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் உடனிருப்புத் துணையை இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே ஏற்றன. ஒன்றிய அரசு 2016இல் வழிகாட்டுதல் தந்தது. 2017 இறுதியில் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டமும் அதை வலியுறுத்துகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை, துணையைப் பெண்ணே தெரிவு செய்ய வேண்டும் என்கிறது. ஆணைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் கதவுக்கு வெளியே, வராந்தாவில், துணிப்பையும் வெந்நீர்க் குடுவையுமாக நிற்கும் தாய்மார்களுக்கும் குறைவில்லை. இடமில்லை, திரை இல்லை, கூட்டம் மிகுதி என்ற காரணங்கள் பொய்யல்ல. ஒரு செவிலியர் பல படுக்கைகளைப் பார்க்கும் அறையில் அதட்டல் எங்கிருந்து பிறக்கிறது என்பதும் விளங்காததன்று. அந்தக் காரணங்களை ஆராய்வதற்குத்தான் ஆய்வாளர் தேவை. எல்லைப் பெண்ணுக்கு அந்தத் தாய் துணை மட்டுமல்லள், மொழிபெயர்ப்பாளரும் அவளே. 'பேடிக்கண்ட' என்று செவிலியர் சொல்வதை 'பயப்படாத மக்களே' என்று காதருகே மாற்றிச் சொல்லவும், மகள் முனகும் நோவின் தன்மையை மருத்துவருக்கு எடுத்துச் சொல்லவும் வேறு யார் அங்கே இருக்கிறார்கள்?

இத்தகைய ஆய்வுகள் எளியவையல்ல. பிரசவ அறைக்குள் இரவில் உட்கார வேண்டும். உடன் பணியாற்றுவோரின் அதட்டலைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். கல்லூரியும் மருத்துவமனையும் ஒரே நிருவாகத்தின் கீழ் இருக்கையில் அந்தக் குறிப்பேட்டுக்கு அனுமதி கிடைப்பது அரிது. பெண்ணுக்குப் பாடம் நடத்துவதற்கு மட்டும் எவருடைய அனுமதியும் மறுக்கப்படுவதில்லை. அதனால் எவருக்கும் சங்கடம் இல்லை. பேற்றச்சத்தின் காரணம் கருவுற்றவளின் தலைக்குள் இருக்கிறது என்ற கருதுகோள் இத்தனை ஆண்டு நிலைத்திருப்பதற்குச் சான்றைவிட இந்த வசதியே பெரிய காரணம்.

அடுத்த கல்வியாண்டின் தலைப்புகள் நெறிமுறைக் குழுக்களின் முன் வரும்போது, குழு உறுப்பினர்கள் கேட்கக்கூடிய கேள்விகள் சிலவே. பங்கேற்பாளரின் தாய்மொழி எது, ஒப்புதல் படிவம் அந்த மொழியில் உள்ளதா? அவள் எங்கே பெறப்போகிறாள், அங்கே போய் அவளைப் பார்க்க ஆய்வாளருக்குப் பயணப்படி உண்டா? பாறசாலையிலிருந்து குழித்துறைக்குப் பேருந்துக் கட்டணம் ஆய்வின் வரவுசெலவைக் குலைக்கக்கூடிய தொகையன்று. நோவின்போது அவளருகில் யார் இருந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், அவளிடம் யார் என்ன சொன்னார் என்பதைப் பதிவு செய்யும் பக்கம் கருவியில் எங்கே இருக்கிறது?